ஊசுன சோயாவும் இதய வால்வும்: புளியரை அக்காவுக்கு ஐஎன்ஆர் 1.4 ஆன கதை

வழக்கமா 35 செகண்ட் எடுத்துக்குற ரத்தம் அன்னிக்கு 17 செகண்ட்லயே கட்டிருச்சு. நான் செங்கோட்டைல சின்னதா ஒரு ரத்தப் பரிசோதனை லேப் வச்சு 14 வருஷம் ஆகுது, அந்த அக்கா ஏறக்குறைய ஆரம்பத்துல இருந்தே மாசாமாசம் என்கிட்ட வர்றவங்க, அவங்க ஐஎன்ஆர், அதாவது ரத்தம் கட்ட எவ்வளவு நேரம் எடுக்குதுன்னு காட்டுற கணக்கு, எனக்கு மனப்பாடம், 2.8, 3.0, 2.7, 2.9 இப்படித்தான் வரும். அன்னிக்கு 1.4. மெஷின்ல அந்த நம்பரைப் பார்த்ததும் கை ஒரு நிமிஷம் ஓடல.

அக்காகிட்ட கேட்டு, எழுதலாம்னு சொன்ன பிறகுதான் எழுதுறேன், பேர் போடல. இதை இவ்வளவு விவரமா எழுதக் காரணம், சோயாவைப் புளிக்க வச்சு சாப்பிடுற விஷயம் இப்ப வீட்டுக்கு வீடு வாட்ஸப்ல சுத்துது, அதுவும் மாதவிடாய் நின்ன பொம்பளைங்களுக்கு ஹார்ட்டுக்கு நல்லதுன்னு. அதுல பாதி உண்மைதான். மீதிப் பாதிதான் எங்க அக்காவை ஆஸ்பத்திரில படுக்க வச்சது.

முதல்ல ஆளைப் பத்தி. வயசு 51, வீடு புளியரை. தினமும் விடியறதுக்கு முன்னாடி பூக்கூடையோட செக்போஸ்ட் தாண்டி கோட்டைவாசல் வழியா பஸ்ல ஆரியங்காவு, தென்மலை, புனலூர்னு போய் பூ வித்துட்டு மதியத்துக்கு மேல திரும்புவாங்க. சின்ன வயசுல தொண்டை வலியும் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வந்து கவனிக்காம விட்டதுல ருமாட்டிக் காய்ச்சல் ஆகி இதயத்துல இருக்குற மைட்ரல் வால்வு சுருங்கிப் போச்சு, 2008ல கேரளா பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரில ஆபரேஷன் பண்ணி மெக்கானிக்கல் வால்வு வச்சாங்க. வச்சது சித்ரா வால்வு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்துல டாக்டர் வலியத்தான் தலைமைல உருவாக்குனது, 1990 டிசம்பர்ல முதல் முறையா மனுஷங்களுக்கு வச்சாங்க, வெளிநாட்டு வால்வுக்குக் காசு குடுக்க முடியாத எத்தனையோ ஏழைக் குடும்பத்துக்கு உயிர் குடுத்த வால்வு அது, எனக்கு அதைப் பத்திப் பேசும்போதெல்லாம் நம்ம மலைக்கு அந்தப் பக்கம் செஞ்சதுன்னு ஒரு பெருமை வரும்.

ஆனா எந்தக் கம்பெனி மெக்கானிக்கல் வால்வா இருந்தாலும் ஒரு விலை உண்டு. ரத்தம் அது மேல கட்டிக்கப் பார்க்கும், அதனால ஆயுசு முழுக்க ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை போடணும். அக்காவுக்கு அசிட்ரோம். மைட்ரல் இடத்துல வால்வு இருக்குறவங்களுக்கு ஐஎன்ஆர் பொதுவா 2.5ல இருந்து 3.5க்குள்ள இருக்கணும்னு டாக்டருங்க வச்சிருப்பாங்க, கூடிப்போனா ரத்தக் கசிவு பயம், குறைஞ்சா வால்வுல ரத்தக்கட்டி வந்து வால்வு நின்னு போகலாம், இல்ல அந்தக் கட்டி மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம். 1.4ன்னா கிட்டத்தட்ட மாத்திரையே போடாத ஆள் மாதிரி.

அன்னிக்கு ஆடி கடைசி, வெளிய சாரல் பிசுபிசுன்னு விழுந்துட்டு இருந்துச்சு, ஓணக் கொண்டாட்டத்தோட முதல் நாளான அத்தம் தொடங்க சில நாள்தான் இருக்கு. பூக்காரங்களுக்கு வருஷத்துலயே பெரிய வியாபாரம் அதுதான். அக்கா "சீக்கிரம் சொல்லு தம்பி, தோவாளைக்கு ஆர்டர் சொல்லணும்"னு பெஞ்ச்ல உட்கார்ந்துட்டு இருக்காங்க. நான் முதல்ல என்னையே சந்தேகப்பட்டேன். நீல மூடி ட்யூப்ல ரத்தம் கட்டாம வைக்கிற சிட்ரேட்டும் ரத்தமும் 1க்கு 9ன்னு சரியா இருக்கணும், கோடு வரைக்கும் ரத்தம் ஏறலன்னா ரிசல்ட் தப்பும், ஆனா அப்படித் தப்புனா செகண்ட் கூடத்தான் செய்யும், குறையாது. ட்யூபுக்குள்ளயே ரத்தம் லேசா கட்டத் தொடங்கியிருந்தாதான் இப்படிக் குறைஞ்சு காட்ட வாய்ப்பு உண்டு, குச்சி விட்டுப் பார்த்தேன், கட்டி இல்ல. கன்ட்ரோல், அதாவது ரிசல்ட் முன்னாடியே தெரிஞ்ச சாம்பிள், ஓட்டுனேன், சரியா வந்துச்சு. மறு கைல புதுசா எடுத்து ஓட்டுனேன், 17.2 செகண்ட். அதே 1.4.

அடுத்தது மாத்திரை. கேட்டதுக்கு அக்காவுக்குக் கோவமே வந்துருச்சு, "15 வருஷத்துக்கு மேல ஆச்சு, மாத்திர ஒரு நாளும் விட்டதில்ல, சாயந்திரம் 6 மணி வெளக்கு ஏத்துன கையோட போட்டுருவேன்"ன்னாங்க. பையைத் திறந்து அட்டையை எண்ணிப் பார்த்தேன், கணக்கு சரி. 2 மில்லிகிராமுக்குப் பதிலா 1 மில்லிகிராம் அட்டை மாறி வந்திருக்கான்னு பார்த்தேன், அதுவும் இல்ல. கீரை கூடச் சாப்பிட்டீங்களா, இல்ல. நாட்டு மருந்து, லேகியம், இல்ல. வேற மாத்திரை, இல்ல. இப்படி எல்லாத்துக்கும் இல்ல வந்த பிறகு ஏதோ தோணி வேற மாதிரிக் கேட்டேன், அக்கா இந்த ஒரு மாசமா வீட்ல புதுசா என்ன வந்துச்சு, திங்குறது, குடிக்கிறது, பொடி, எண்ணெய், எதுவா இருந்தாலும்னு. அப்பதான் சொன்னாங்க, "மவன் பெங்களூர்ல இருந்து ஒரு பொடி கொண்டாந்தான்லா, அதப் போட்டு சோயாப் பயற ஊச வச்சு திங்கேன், ஹார்ட்டுக்கு நல்லதுன்னான், பயறுதானே தம்பி, கீர இல்லியே."

நாட்டோ! ஜப்பான்காரங்க சோயாவை நூல் விட ஊச வச்சு சாப்பிடுவாங்களே, அது. கேட்ட உடனே பாதி புரிஞ்சு போச்சு.

மகன் தப்பா ஒண்ணும் நினைக்கல, அதையும் சொல்லணும். அக்காவுக்குத் தீட்டு நின்னு 2 வருஷம் ஆகுது. ராத்திரில குபுகுபுன்னு மேல் காந்தி வேர்த்துக் கொட்டுதுன்னு தூக்கம் இல்ல, அதோட எல்டிஎல்ங்குற கெட்ட கொழுப்பு முன்ன 118 இருந்தது இப்ப 152. டாக்டர் கொழுப்பு மாத்திரை தொடங்கலாம்னு சொல்லியிருந்தார், அக்கா இன்னொரு மாத்திரையான்னு தள்ளிப் போட்டுட்டு இருந்தாங்க. மகன் போன்ல தேடியிருக்கான், ஜப்பான் பொம்பளைங்களுக்கு ஹார்ட் நோய் கம்மி, அவங்க நாட்டோ சாப்பிடுறாங்க, சோயாவுல பெண் ஹார்மோன் மாதிரி ஒண்ணு இருக்கு, புளிக்க வச்சா இன்னும் நல்லா உடம்புல ஒட்டும், அதுல ரத்தக்கட்டியைக் கரைக்கிற என்சைம் வேற இருக்குன்னு படிச்சிருக்கான். அம்மாவுக்கு வால்வுல கட்டி வரக்கூடாது, கட்டியைக் கரைக்கிற சாப்பாடு கிடைச்சிருக்கு, இதைவிட என்ன வேணும்னு ஒரு மகன் நினைக்கத்தானே செய்வான்.

மறுநாள் அவங்க வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். சோயாப் பயறை ராத்திரி ஊற வச்சு, குக்கர்ல நசுங்குற அளவு வேக வச்சு, சூடா இருக்கும்போதே அந்தப் பொடியைத் தண்ணில கரைச்சு ஊத்திக் கிளறி, வாழை இலை போட்டு ஹாட்பாக்ஸ்ல வச்சு, அது மேல போர்வையைச் சுத்தி ஒரு நாள் விட்டு வச்சிருக்காங்க, 40 டிகிரி பக்கம் சூடு நிக்கணும். ஃப்ரிட்ஜ்ல ஒரு எவர்சில்வர் டப்பா. திறந்து ஸ்பூன்ல தூக்குனா பயறுக்குப் பயறு வெள்ளையா நூல் இழுக்குது, ஊசிப்போன உளுந்தவடையைப் பிட்டா வருமே அதே நூல். வாடையும் அதேதான், அதோட கொஞ்சம் அமோனியா நெடி. நம்ம வீட்ல இப்படி நூல் விட்டா கொல்லைல கொட்டிருவோம், அக்கா மகன் சொன்னான்னு மூக்கைப் பிடிச்சுக்கிட்டு தினமும் 2 பெரிய கரண்டி, 3 வாரமா.

இங்கதான் விஷயம். சோயாவைப் புளிக்க வைக்கிறதுன்னா எல்லாம் ஒண்ணு இல்ல. டெம்பே இந்தோனேசியா சாப்பாடு, ரைசோபஸ்ங்குற பூஞ்சை வச்சு செய்றது. மிசோ ஜப்பான் விழுது, அது ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையும் உப்பும் போட்டு மாசக்கணக்கா வைக்கிறது. நம்ம இட்லி மாவுல வேலை செய்றது லாக்டிக் பாக்டீரியா. நாட்டோ மட்டும் பேசில்லஸ் சப்டிலிஸ்ங்குற பாக்டீரியா, அந்த நூலை விடுறதும் அதுதான், வைட்டமின் கே2வை மலை மாதிரி உண்டாக்குறதும் அதேதான். 100 கிராம் நாட்டோவுல கே2 ஏறக்குறைய 1000 மைக்ரோகிராம் பக்கம் இருக்கும், ஒரு பொம்பளைக்கு ஒரு நாளைக்கு எல்லா வைட்டமின் கேவும் சேர்த்துப் போதும்னு சொல்ற அளவே 90 மைக்ரோகிராம்தான். அக்கா சாப்பிட்டது தினம் 50 கிராமுக்குக் குறையாது. டெம்பேலயும் மிசோலயும் இதுக்குப் பக்கத்துல வர்ற அளவு கே2 கிடையாது, இட்லியைப் பத்திக் கவலையே வேணாம், அதைத் தின்னுக்கிட்டுத்தான் அக்கா இத்தனை வருஷம் 2.8ல நின்னாங்க.

அசிட்ரோமும் அதே வகை மாத்திரையான வார்ஃபரினும் என்ன பண்ணுதுன்னா, கல்லீரல்ல ரத்தம் கட்ட வைக்கிற புரதங்க சிலது தயாராக வைட்டமின் கே வேணும், அந்த வைட்டமினை உடம்பு திரும்பத் திரும்பப் புதுப்பிச்சுப் பயன்படுத்திக்கும், மாத்திரை அந்தப் புதுப்பிக்கிற வேலையைத் தடுக்குது. வெளிய இருந்து கே கொட்டோ கொட்டுன்னு கொட்டுனா தடுத்தும் பிரயோஜனம் இல்ல. கீரைல இருக்குற கே1 ரத்தத்துல சில மணி நேரத்துல குறைஞ்சிரும், நாட்டோவுல இருக்குற கே2 அப்படி இல்ல, பாதி குறையவே கிட்டத்தட்ட 3 நாள் ஆகும், தினமும் சாப்பிட்டா மேல மேல சேர்ந்துக்கிட்டே போகும். அதனாலதான் ஜப்பான்லயே வார்ஃபரின் எழுதிக் குடுக்கும்போது நாட்டோ தொடக்கூடாதுன்னு சொல்லித்தான் குடுப்பாங்க. மகன் படிச்ச எந்தப் பக்கத்துலயும் அந்த ஒரு வரி இல்ல, எனக்கு இதுல ரொம்பவே ஆத்தாமை.

அந்தக் கட்டியைக் கரைக்கிற என்சைம் நாட்டோகைனேஸ், அதைக் கண்டுபிடிச்சவர் சுமி ஹிரோயுகின்னு ஒரு ஜப்பான் விஞ்ஞானி, தட்டுல வச்சிருந்த ஃபைப்ரின், அதாவது ரத்தக்கட்டியோட நார்ப் புரதம், அது மேல நாட்டோவைப் போட்டப்ப அது கரைஞ்சதைப் பார்த்தார், 1987ல அதைப் பிரசுரிச்சாங்க. தட்டுல கரையுறது நிஜம். ஆனா மாத்திரையா தினமும் 3 வருஷம் குடுத்துப் பார்த்த ஒரு அமெரிக்க ஆய்வு 2021ல வந்துச்சு, 265 பேர், கழுத்து ரத்தக்குழாய் தடிக்கிறதுல டம்மி மாத்திரை சாப்பிட்டவங்களுக்கும் இவங்களுக்கும் வித்தியாசமே தெரியல. அதை நம்பி ஒரு மெக்கானிக்கல் வால்வை விட முடியுமா?

சரி, அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு முடிச்சிர்றேன். ரிப்போர்ட்டைக் கைல குடுத்து அனுப்ப எனக்கு மனசு வரல, அவங்க பார்க்குற ஹார்ட் டாக்டருக்கு நானே போன் போட்டேன், ஐஎன்ஆரும் சொல்லி, நாட்டோன்னும் சொன்னேன். எதிர்முனைல ஒரு செகண்ட் அமைதி, அப்புறம் "உடனே கூட்டிட்டு வாங்க, டோஸைக் கூட்ட வேணாம், முதல்ல அதை நிறுத்தச் சொல்லுங்க"ன்னார். இது ரொம்ப முக்கியமான விஷயம்னு நினைக்கிறேன், ஏன்னா நாட்டோ கதை தெரியாம வெறும் 1.4ஐப் பார்த்துட்டு மாத்திரையைக் கூட்டியிருந்தா, அக்கா என்னிக்கு அந்த வாடை பிடிக்காம நாட்டோவை விடுறாங்களோ அடுத்த சில நாள்ல ஐஎன்ஆர் எகிறி 5, 6ன்னு போய் ரத்தக் கசிவுல முடிஞ்சிருக்கும். அக்காவோ ஓணம் முடியட்டும் வாரேன்னு அழுதாங்க. அவங்க வீட்டுக்காரர்கிட்ட நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு, அண்ணே, ராத்திரி அமைதியா இருக்கும்போது அக்கா நெஞ்சுல டிக் டிக்னு கேக்குமே, அது மாறியிருக்கான்னு. வால்வுல கட்டி உட்கார்ந்தா அந்தச் சத்தம் மங்கும். அவர் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு "இல்ல தம்பி, நேத்தும் கேட்டுச்சு"ன்னார், சொல்லிட்டு அவரே கூடையை எடுத்து ஓரமா வச்சுட்டு ஆட்டோ கூப்பிடப் போயிட்டார்.

எக்கோ எடுத்தாங்க, வால்வு நல்லாத் திறந்து மூடுது, கட்டி இல்ல. ஐஎன்ஆர் ஏறுற வரைக்கும் காப்புக்கு ரத்தம் கட்டாம இருக்க வயித்துல ஹெப்பாரின் ஊசி, 2 வேளை. 4வது நாள் 1.7, 7வது நாள் 2.3, 9வது நாள் 2.6, ஊசியை நிறுத்துனாங்க. அசிட்ரோம் பழைய டோஸ்தான். ஓண நாள்கள்ல மூல நட்சத்திரத்தன்னிக்குத்தான் அக்கா கூடையைத் தூக்குனாங்க, அதுக்கு முன்னாடி நாளெல்லாம் அவங்க தங்கச்சி போனாங்க.

இவ்வளவும் நடந்த பிறகு எனக்கு மனசுல உறுத்துனது ஆபரேஷன் முடிஞ்சப்ப அக்காவுக்குக் குடுத்த அந்தப் பத்தியத் தாள். அதை இன்னும் பத்திரமா ப்ளாஸ்டிக் கவர்ல வச்சிருந்தாங்க, முழுக்க மலையாளம். அக்கா மலையாளம் சரளமா பேசுவாங்க, புனலூர்ல பேரம் பேசுறதே அதுலதான், ஆனா ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. அன்னிக்கு நர்ஸம்மா வாயால சொன்னதுல மனசுல நின்னது "சீர கழிக்கருது" மட்டும்தான், அதாவது கீரை திங்காதன்னு. அதனால பயறு வேற, கீரை வேற. எல்லைல இருக்குற நம்ம ஜனங்க ஆயிரக்கணக்குல அந்தப் பக்கம் போய்த்தான் ஹார்ட்டுக்குப் பார்க்குறாங்க, ஒரு பக்கம் தமிழ்ல அடிச்சுக் குடுக்க எவ்வளவு செலவாகும். இப்ப நானே ஒண்ணு எழுதி அந்த டாக்டர்கிட்டக் காட்டி, அவர் திருத்திக் குடுத்ததை ஐஎன்ஆர் பார்க்க வர்ற எல்லாருக்கும் குடுக்குறேன். அதுல முதல் வரி, கீரையை அடியோட விட வேணாம், வாரத்துக்கு ஒரே அளவா தின்னுங்க. ரெண்டாவது, வீட்டுக்குப் புதுசா எது வந்தாலும் தின்னுறதுக்கு முன்னாடி சொல்லுங்க. மூணாவது நாட்டோ, பேர் போட்டே எழுதியிருக்கு.

இனி சோயாவே ஹார்ட்டுக்கு ஆகாதான்னு கேட்டா அப்படிச் சொன்னா பாவம். மாதவிடாய் நின்னா ஈஸ்ட்ரோஜன் குறையும், கல்லீரல் ரத்தத்துல இருந்து எல்டிஎல்லை இழுக்குற வேகமும் குறையும், அதனாலதான் அந்த வயசுல கொழுப்பு ஏறுது. சோயாவுல இருக்குற ஜெனிஸ்டீன், டைட்சீன்ங்குற ஐசோஃப்ளேவோன்கள் ஈஸ்ட்ரோஜன் உட்காருற இடத்துல லேசா உட்காரும், புளிக்க வைக்கும்போது அதுல ஒட்டியிருக்குற சர்க்கரை கழண்டு விடும், மகன் படிச்சது அதுவரைக்கும் சரிதான். டைட்சீனைக் குடல்ல இருக்குற பாக்டீரியா ஈக்வால்னு இன்னும் வீரியமான பொருளா மாத்தும், ஆனா அந்த பாக்டீரியா எல்லார் குடல்லயும் இல்ல, ஜப்பான்காரங்கள்ல பாதிக்கு மேல இருக்கு, மேற்கு நாட்டுக்காரங்கள்ல 3, 4 பேருக்கு ஒருத்தர்தான், அதனால ஜப்பான்ல வேலை செஞ்சது இங்கயும் அப்படியே வேலை செய்யும்னு எடுத்துக்க முடியாது.

ஜப்பான்ல 90,000க்கு மேல ஆளுங்களை வருஷக்கணக்கா தொடர்ந்து பார்த்த ஆய்வு 2020ல வந்துச்சு, புளிக்க வச்ச சோயா நிறைய சாப்பிட்டவங்களுக்கு மரண விகிதம் 10 சதவீதம் பக்கம் குறைச்சலா இருந்துச்சு, நாட்டோ சாப்பிட்டவங்களுக்கு ஹார்ட், பக்கவாதச் சாவும் குறைச்சல். ஆனா நாட்டோ சாப்பிடுற ஆளு மத்த பழக்கத்துலயும் எப்படின்னு பிரிச்சுச் சொல்றது கஷ்டம், இது ஆளுங்களைப் பார்த்து எழுதுனது, குடுத்துப் பார்த்த சோதனை இல்ல. குடுத்துப் பார்த்தது 2011ல வந்துச்சு, அமெரிக்காவுல மாதவிடாய் நின்ன 350 பொம்பளைங்களுக்கு தினம் 25 கிராம் சோயாப் புரதம், 2.7 வருஷம். மொத்தமாப் பார்த்தா கழுத்து ரத்தக்குழாய் தடிக்கிறதுல உறுதியா சொல்ற அளவு வித்தியாசம் இல்ல, ஆனா மாதவிடாய் நின்னு 5 வருஷத்துக்குள்ள தொடங்குனவங்களுக்கு மட்டும் நல்லாவே குறைஞ்சிருந்துச்சு. எனக்கு இது நம்பிக்கை தர்ற விஷயம்தான், சின்னக் குழுவுல வந்ததுன்னு ஞாபகம் வச்சுக்கிட்டு.

எல்டிஎல் எவ்வளவு குறையும்? அமெரிக்க ஹார்ட் சங்கம் 2006ல 22 ஆய்வைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னது, தினம் 50 கிராம் சோயாப் புரதம் சாப்பிட்டா 3 சதவீதம் போல. 50 கிராம் புரதம்னா காஞ்ச மீல் மேக்கர் கிட்டத்தட்ட 100 கிராம், தினமும். அக்காவோட 152 அப்படிப் பார்த்தா 147 ஆகும், அவ்வளவுதான், அதுக்கு ஒரு வால்வை அடகு வச்சிருக்கோம். இப்ப டாக்டர் கொழுப்பைக் குறைக்கிற ஸ்டாடின் மாத்திரை தொடங்கிட்டார், சில ஸ்டாடின் ஐஎன்ஆரைக் கொஞ்சம் ஏத்தும்ங்கிறதால முதல் 2 மாசம் 10 நாளைக்கு ஒரு தடவை பார்க்கச் சொன்னார், 3 மாசம் கழிச்சு எல்டிஎல் 96. மேல் காந்தலுக்கு ஹார்மோன் மாத்திரை ரத்தம் கட்டுற பயத்தால அக்காவுக்குக் குடுக்க மாட்டாங்க, வேற மாத்திரை ஒண்ணு சின்ன டோஸ்ல ராத்திரி போடுறாங்க, தூக்கம் வருதாம். மீல் மேக்கர் குழம்பு வாரம் ஒரு நாள், அதுக்கு டாக்டர் சரின்னுட்டார்.

போன மாசம் அக்காகூட அவங்க நாத்தனாரும் வந்தாங்க. 49 வயசு, தீட்டு நின்னு 8 மாசம், வால்வு கிடையாது, அசிட்ரோம் கிடையாது, எல்டிஎல் 138, பிரஷர் கொஞ்சம். ஃப்ரிட்ஜ்ல மிச்சம் இருக்குற அந்தப் பொடியைத் தூரப் போடுறதா, நான் செஞ்சு சாப்பிடலாமான்னு கேட்டாங்க. தைராய்டு மாத்திரை போடுறீங்களான்னு கேட்டேன், ஏன்னா சோயா அது உடம்புல சேர்றதைக் கெடுக்கும், 4 மணி நேரமாவது இடைவெளி வேணும். இல்லன்னாங்க. மார்புல கட்டி, கேன்சர்னு எதுவும் இருந்துச்சா, இல்ல. அப்ப தாராளமா சாப்பிடுங்க, பிரஷர் இருக்குறதால மிசோ வாங்கிறாதீங்க அதுல உப்பு ஜாஸ்தி, நாட்டோவுல உப்பு போடத் தேவையில்லன்னு சொன்னேன். அக்கா குறுக்க புகுந்து ஹாட்பாக்ஸ்ல எத்தனை மணி நேரம் வைக்கணும், எந்தப் பயறு வாங்கணும், நூல் வர்றதை எப்படிப் பார்க்கணும்னு நாத்தனாருக்குச் சொல்லிக்கிட்டு இருந்தாங்க, நான் அதுக்குள்ள நீல மூடி ட்யூபை எடுத்து அக்கா கைல ஊசி குத்திட்டேன். 2.9.